மரை போன போல்ட்

எங்கள் வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் என்னை வேறு அறையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கச் சொல்வார்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டு கேட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

என் பெயர் சுப்பராமன். கல்லூரியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். விசை, முறுக்கம், உராய்வு எல்லாம் கரும்பலகையில் எனக்குக் கட்டுப்பட்டவை. கையில் ஸ்பேனரை எடுத்தால் அவற்றுக்கு என்னை அடையாளம் தெரிவதில்லை. மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். தெரியாதவர்களுக்கு என் மனைவி சூடாமணி சொல்லிவிடுவாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவளுக்கு நன்றாகக் கதை சொல்ல வரும். நான் குழாய்க்கு வாஷர் மாற்றப் போய்க் கீழ்வீட்டுக்காரர்களின் கூறைப் புடவை நனைந்த கதையை, கொலுவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சுண்டலோடு சேர்த்துக் கொடுப்பாள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் ரோஷக்காரன் என்று அது தனிக் கதையாகிவிடும்.

அவளுடைய தம்பி நிரஞ்சன். இறந்துபோனவன். அந்தக் கதைகளுக்குக் கை கால் ஒட்டவைப்பவன் அவன்தான். அவனை எனக்குப் பிடிக்காது என்று நீங்கள் நினைக்கக் கூடாது. எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும்.

எங்கள் பழைய மாருதிக்கு டைமிங் பெல்ட் மாற்றியாக வேண்டும் என்று மெக்கானிக் நாகராஜ் சொன்னார். எஞ்சினின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டும் அல்லவா, அதற்காகப் பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. அறுந்தாலும் நழுவினாலும் எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும். நானே வீட்டில் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். நாகராஜ் வாயிலிருந்த பீடியை எடுத்தார்.

"இன்னா சார், நீங்களா? வோணாம் சார். சாக்பீஸ் புடிக்கிற கை அது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்படிச் சிரிக்காமல் இருந்திருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. புதுப்பேட்டைக்குப் போய் பெல்ட் வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். நிரஞ்சன் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

"அத்திம்பேர், ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லிட்டேளா?" என்றான். சூடாமணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் வேலை நன்றாகவே நடந்தது. பழைய பெல்ட் முனகாமல் கழன்று வந்தது. புதியதைப் பல்லுக்குப் பல் பொருத்தி மாட்டினேன். அதைத் தொய்யாமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன உருளை இருக்கிறது. அந்த உருளையை ஒரே ஒரு போல்ட் இறுக்கி நிறுத்துகிறது. அந்த போல்ட்டை இறுக்கினேன். போதும் என்று கை சொன்னது. இன்னும் கொஞ்சம் என்று நான் சொன்னேன். உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. மரை போய்விட்டது. அதன் பிறகு எவ்வளவு திருகினாலும் போல்ட் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

தலை நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் டப்பாவில் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் இருந்தது. குனிந்து மறைத்தபடி அதை போல்ட்டில் கனமாகச் சுற்றி, உள்ளே அழுத்தித் திருகினேன். நின்றது மாதிரி இருந்தது. மேல்மூடியைப் போட்டு மூடினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கைதட்டல் கேட்டது, மேடம். எதிர்வீட்டு மாடியிலிருந்துகூட. அன்று சாயங்காலம் சூடாமணி ஃபோனில் யாரிடமோ, "எங்காத்துக்காரர் தானே மாத்திட்டார். மெக்கானிக்கே வேண்டாம்னுட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கேட்டேன். பக்கம் திருப்பினால் சத்தம் வருமே என்று திருப்பவில்லை.

பிறகு நான் வண்டியை எடுக்கவேயில்லை. உடம்புக்கு நல்லது என்று மார்க்கெட்டுக்கு நடந்தேன். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது மூடியைத் திறந்து பார்த்தேன். அன்று எஞ்சின் ஓடிய கொஞ்ச நேரத்துக்கே போல்ட் பாதி வெளியே வந்திருந்தது. டேப்பின் நுனி நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் உள்ளே தள்ளிவிட்டு மூடினேன். நாகராஜிடம் போயிருந்தால் புது மரை வெட்டிக் கொடுத்திருப்பார். தெருமுனை தாண்டுவதற்குள் ஊருக்கே சொல்லியும் இருப்பார்.

அந்த வாரம்தான் நிரஞ்சன் வந்தான்.

"அத்திம்பேர், ஒரு நாளைக்கு வண்டி தரேளா? திருப்போரூர்கிட்ட மனை ஒண்ணு பார்க்கணும்."

"அவர் கை வச்ச வண்டிடா. பயமா இல்லையா?" என்றாள் சூடாமணி, பழக்கதோஷத்தில்.

"பக்கத்துலயே உக்காந்துண்டு பார்த்தேனே. நாமதான் இவரை ரொம்பக் கிண்டல் பண்ணிட்டோம் அக்கா." என் பக்கம் திரும்பினான். "நிஜமா சொல்றேன், மன்னிச்சுக்கோங்கோ."

சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவனிடம் எப்படிச் சொல்வது? பழைய மாதிரி கேலியாக ஏதாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன். கேட் வரைக்கும் கூடப் போனேன். கண்ணாடியை இறக்கி, "எல்லாம் சரியா இருக்கோல்லியோ?" என்றான்.

"கண்ணை மூடிண்டு ஓட்டு" என்றேன்.

அந்தச் சொற்களைப் பற்றி மட்டும் எனக்குச் சங்கடம் உண்டு. வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம்.

மீதி உங்களுக்குத் தெரியும். கேளம்பாக்கம் தாண்டி ஒரு தண்ணீர் லாரியை முந்தப் போயிருக்கிறான். பாதி முந்தும்போது எஞ்சின் நின்றுவிட்டது. எதிரே மணல் லாரி. அதை ஓட்டிய ஷரஃபுதீனைக் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் ஒழுங்காகத்தான் வந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் எப்படி ஆயிற்று என்று விசாரித்தபோது, "அவனுக்கு எப்பவுமே வேகம் ஜாஸ்தி" என்று சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. சூடாமணிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். செத்தவன் மேலேயே பழியைப் போடுவது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பிறகு ஷரஃபுதீனின் அம்மா ஹாஜிரா பீ எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கேட்டுக்கு வெளியேதான் நின்றார்.

"கார் தானா நின்னுபூட்ச்சுன்னு எம்புள்ள சொல்றான் சார். அந்தத் தம்பி சாவியத் திருகிக்கினே இருந்துச்சாம். நிமிந்து இவனப் பாத்துச்சாம். யாரும் நம்ப மாட்டேன்றாங்க. நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்த சொன்னா வுட்ருவாங்க சார்."

அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். சட்டம் தன் வேலையைச் செய்யும் என்றேன். வீடு திரும்ப, சைதாப்பேட்டைக்கு எந்த பஸ் என்றும் சொல்லி அனுப்பினேன்.

அந்த அம்மாவுக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று உள்ளே நுழைந்ததும் உங்களிடம் சொன்னேன். நீங்கள் எனக்கு நாற்காலி போடச் சொன்னீர்கள். அது முழுவதும் உண்மையில்லை. எஞ்சினைப் பிரித்துப் பார்க்க நாளைக்கு வண்டி ஆய்வாளர் வருகிறார் என்று உங்கள் ஏட்டு நேற்று ஃபோன் செய்தார். பிரித்தால் டேப் தெரியும். ஃபோட்டோ எடுப்பார்கள். அது என்னவென்று கோர்ட்டில் உரக்கப் படிப்பார்கள். நாகராஜைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். சூடாமணி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

ஆகையால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள். சுப்பராமன் ஆகிய நான் என் மச்சினனைக் கொல்ல வேண்டும் என்றே அந்த போல்ட்டைத் தளர்த்தி வைத்தேன். காரணத்துக்குச் சொத்துத் தகராறோ, பழைய பகையோ, வழக்குக்கு எது பொருந்துமோ அதைப் போடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஷரஃபுதீனையும் விட்டுவிடலாம். நாளைக்கு அந்த மூடியைத் திறக்கவும் வேண்டியதில்லை.

சூடாமணி என் முகத்தில் விழிக்க மாட்டாள். பரவாயில்லை, அதை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்த வெள்ளை டேப்பைப் பார்த்தால் அவள் சிரித்துவிடுவாள், மேடம்.