தழை இல்லாத பாதை

மோர் நன்றாக இருந்தது ஐயா. உப்புதான் கொஞ்சம் தூக்கல். பெரம்பலூர் வெயிலுக்கு அது ஒரு குறையில்லை.

வாக்குமூலத்தை வாயால் சொன்னால் போதும், குமாஸ்தா எழுதிக்கொள்வார் என்றீர்கள். நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும். இன்னொருவர் எழுதினால் நடுவில் ‘ஐயோ’, ‘பாவி’ என்று தன் பங்குக்கு எதையாவது செருகிவிடுவார். மேசை மேல் நீங்கள் வைத்திருக்கும் அந்த மர ஆப்பைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் எதுவும் அதனதன் இடத்தில் வர வேண்டும். வரிசை தப்பினால் எனக்குப் பிடிக்காது.

என் பெயர் ஆரோக்கியசெல்வம். ஊர் வரதராஜன்பேட்டை. யுத்த காலத்தில் அரும்பாவூருக்கு மேலே பச்சைமலைக் காட்டில் பாரஸ்டராக இருந்தேன். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டை எந்த வருஷம் வெட்டுவது என்று திட்டம் போடுவது என் வேலை. அந்தத் துண்டுக்குத்தான் கூப்பு என்று பெயர். இந்த வருஷம் ஒரு கூப்பு, வரும் வருஷம் அடுத்தது. கடைசிக் கூப்பை வெட்டி முடிக்கும்போது முதல் கூப்பு மறுபடி வளர்ந்து நிற்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் காடு ஒருநாளும் தீராது. காடு என்றதும் புலியும் பேயும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். எனக்கு இதைவிட அழகான விஷயம் இன்றுவரை தென்படவில்லை.

இதெல்லாம் பாதை இருந்தால்தான். வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவர முடியாவிட்டால் திட்டம் வெறும் காகிதம். ரயிலுக்கு மரம் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று மேலேயிருந்து நெருக்கினார்கள். நான் அந்த மலையை ஒரு கோடைகாலம் முழுக்க நடந்தே அளந்தேன். பாரவண்டி மாடு மூச்சு முட்டாமல் ஏற வேண்டும், இறங்கும்போது வண்டி மாட்டைத் தள்ளிவிடக் கூடாது. அதற்கு இருபதடிக்கு ஓரடிதான் ஏற்றம் இருக்கலாம். அந்த ஏற்றத்தை எங்கேயும் விடாமல், அரும்பாவூர் அடிவாரத்திலிருந்து மேல்கூப்பு வரைக்கும் ஒரே கோடாக இழுத்தேன். ரேஞ்சர் வைத்திலிங்கம் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, “என்னய்யா, கோலம் போட்ட மாதிரி இருக்கு” என்றார். கேலிக்குத்தான் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

கோட்டின் மேல் முளைக்குச்சிகளை அடித்துக்கொண்டே போனோம். மேல்குடி என்று பத்துப் பன்னிரண்டு வீடுகள் உள்ள மலைக் குடியிருப்புக்குப் பக்கத்தில் வந்ததும், முதல்நாள் அடித்த முளைகள் மறுநாள் இல்லை. பிடுங்கப்பட்ட முளைகள் அத்தனையும் ஓரமாக, கொடியால் கட்டி, ஒரு கல்லின் மேல் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. மறுபடி அடித்தோம். மறுபடியும் பிடுங்கிக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது தடவை கையில் முளையோடு அவளே உட்கார்ந்திருந்தாள்.

பச்சையம்மாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. தினைக்காட்டில் தனியாகப் பாடுபட்டு வந்தாள். முளைகளை ஏன் கட்டி வைக்கிறாய் என்று கேட்டேன்.

“சர்க்கார் சாமானுங்களே. தொலைஞ்சு போச்சுன்னா உங்க மேலதானே விழும்” என்றாள்.

“ஏன் பிடுங்குற, அதச் சொல்லு.”

“எம் மவ படுத்திருக்காங்க இங்க.” தன் கால்மாட்டில் பதித்திருந்த ஒரு கல்லைக் காட்டினாள். “மழைக்காலத்துல காச்சல்ல போயிட்டா. அவ மேல வண்டி ஓட வேணாமுங்க. கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க.”

“செத்தவங்களுக்கு வண்டிச் சத்தம் கேக்காது பச்சையம்மா.”

“எனக்குக் கேக்குமுங்களே.”

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை முக்கியமாக எழுதுகிறேன், ஏனென்றால் மரம் வெட்டும் சாமிதுரையின் பெண்டாட்டி செல்வம்மாள் என் மேல் கொடுத்த மனுவில் விரோதம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. விரோதமே கிடையாது. மதியம்தோறும் அவள் தன் களியில் ஒரு பிடியை அந்தக் கல்லில் வைத்துவிட்டு, மீதியை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் அந்தப் பக்கம் இருந்தால் எனக்கும் ஓர் உருண்டை இலையில் வரும். நான் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். நன்றாகவே இருக்கும்.

மலைச்சரிவில் கோட்டை ஓரிடத்தில் நகர்த்தினால் மேலும் கீழும் ஏற்றம் கெட்டுப்போகும், முழுக் கோடும் நகர வேண்டியிருக்கும் என்று ரேஞ்சரிடம் விளக்கினேன். அவர் என்னை நம்பினார். ஆனால் மரம் வெட்டும் ஆட்கள் அத்தனை பேரும் மேல்குடிக்காரர்கள். அவள் சரி சொன்னால்தான் அந்த இடத்தில் கடப்பாரை போடுவோம் என்று நின்றுவிட்டார்கள். காவலர்களை வைத்து அவளைத் தூக்கிவிடலாம். அப்புறம் மலையில் கோடாரி பிடிக்க ஆள் இருக்காது. கடைசியில் வைத்திலிங்கம், “வெள்ளிக்கிழமை நானே வந்து எடத்தப் பாத்துடறேன். வளைக்க முடிஞ்சா வளைச்சுவிட்டுருவோம்” என்று சொல்லியனுப்பினார். அன்று புதன்கிழமை.

இனி தழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

மரத்தைப் பாதிக்குமேல் அறுத்த பிறகு வேலையை நிறுத்த நேர்ந்தால், அதை அரைவெட்டு மரம் என்பார்கள். எப்போது விழும் என்று சொல்ல முடியாது. அதனால் அது விழக்கூடிய இடத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில், இந்த முனையிலும் அந்த முனையிலும், பச்சைத் தழைக்கொத்து ஒன்றை இடுப்புயரத்தில் கட்டிவிட்டுத்தான் வெட்டுக்காரன் நகர்வான். தழை இருந்தால் மலையில் ஒரு குழந்தைகூட அதைத் தாண்டாது. தழை இல்லையென்றால் பயமில்லை. கண்ணால் மரத்தைத் தேட மாட்டார்கள், தழையைத்தான் தேடுவார்கள். பிறந்ததிலிருந்து அப்படித்தான். வெட்டுக்காரர்களில் மூத்தவன் சாமிதுரை, அதாவது மனு கொடுத்த செல்வம்மாளின் புருஷன், இதை வேறு யாரையும் செய்ய விடமாட்டான். தானே கட்டுவான், கட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பான்.

வியாழக்கிழமை காலையில் ஓர் உசில மரத்தை வெட்டச் சொன்னேன். மகளின் கல்லுக்கு மேற்புறம், புதருக்குப் பின்னால், கீழ்நோக்கிச் சாய்ந்து நின்ற பெரிய மரம். வெட்ட வேண்டிய மரத்தில் இலாகா முத்திரையுள்ள இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்து அடையாளம் பதிப்பது வழக்கம். அந்தச் சுத்தியல் என்னிடம்தான் இருக்கும். அன்று காலை அந்த மரத்துக்கு நானே முத்திரை போட்டேன். அது பாதைக் கோட்டில் நின்ற மரம் அல்ல. அந்த வருஷத்துக் கூப்பில் சேர்ந்ததும் அல்ல. சாமிதுரை என்னை ஒரு பார்வை பார்த்தான். முத்திரை இருந்ததால் கேள்வி கேட்கவில்லை.

பாதிக்குமேல் போனதும் ரம்பம் பிடித்துக்கொண்டது. ஆப்பை அடித்து இடைவெளி உண்டாக்கினார்கள். மதியமாகிவிட்டதால், கஞ்சி குடித்துவிட்டு வந்து முடிக்கலாம் என்றேன். எல்லோரும் ஓடைக்கு இறங்கினார்கள். சாமிதுரை இரண்டு முனையிலும் தழை கட்டினான், இழுத்துப் பார்த்தான், போனான். நான் திசைமானியோடு இருந்துகொண்டேன்.

இரண்டு கொத்தையும் அவிழ்த்து என் பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் முகாமில் கட்டியிருந்த ஆட்டுக்குப் போட்டேன். எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

பச்சையம்மாள் தூக்குவாளியோடு வந்தாள். காலையெல்லாம் ரம்பச் சத்தம் கேட்டிருக்கும். பாதை முனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “மரம் ஏதும் நிக்குதுங்களா ஐயா?” என்றாள்.

“தழை இல்லையே பச்சையம்மா” என்றேன்.

கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கல்லருகே உட்கார்ந்தாள். வாளியைத் திறந்து ஒரு பிடியை எடுத்து வைத்தாள். எனக்கும் எடுத்து வைத்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. இலையில் மடித்துத் தனியாக இருந்தது.

காற்றடித்து மரம் விழுந்தது என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். அதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அன்று காற்று இல்லை ஐயா. இலை அசையவில்லை. வெட்டுக்காரர்கள் தங்கள் சம்மட்டியைக் கூடவே எடுத்துப் போயிருந்தார்கள். என் கையில் முத்திரைச் சுத்தியல் மட்டும்தான் இருந்தது. ஆப்பை அதனால் அடித்தேன். கொஞ்சம் அடிக்க வேண்டியிருந்தது. இரும்பில் எழுத்து இருக்கிறது, அடித்தால் பதியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் பதிக்கிறவனுக்கே தோன்றவில்லை என்பதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஓடையிலிருந்து ஓடி வந்தவர்கள் மரத்தைத் தூக்கப் பார்த்தார்கள். சாமிதுரை மரத்துக்குப் போகவில்லை. நேராகப் பாதை முனைக்குப் போனான். அங்கே நின்று, “கட்டுனேன், கட்டுனேனே” என்று சொல்லிக்கொண்டிருந்தான். மறுமுனைக்கும் ஓடிப் பார்த்தான். திரும்பி வரும்போது, “கட்டுனேனா?” என்றான். பிறகு என்னிடம் வந்தான்.

“ஐயா, நீங்க இங்கதானே இருந்தீங்க. நான் தழை கட்டுனதப் பாத்தீங்கல்ல?”

“நான் திசைமானியப் பாத்துக்கிட்டிருந்தேன் சாமிதுரை” என்றேன்.

யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. தழை மறந்தவன் மறுபடி கோடாரி தொடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கோடாரியை வாங்கிக் காம்பை உடைத்தார்கள். மற்ற தட்டுமுட்டுச் சாமான்களோடு அந்த ஆப்பும் அவன் மூட்டையில் போயிருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் மலையை விட்டு இறங்கி அரும்பாவூரில் ஒரு வீட்டில் மாடு மேய்க்கிறார்கள். கிணற்றுக் கம்பத்திலும் கோயில் வாசலிலும் மாட்டுக் கொம்பிலும் அவன் தழை கட்டிக்கொண்டு திரிகிறான், சந்தையில் பிள்ளைகள் கூடிச் சிரிக்கிறார்கள் என்று செல்வம்மாள் உங்களிடம் சொன்னாளாமே. அது எனக்குத் தெரியும். ஒருமுறை அரும்பாவூர் சாவடியில் என்னைப் பார்த்தவன் பக்கத்தில் வந்து என் சைக்கிள் கைப்பிடியில் ஒரு கொத்தைக் கட்டினான். இழுத்துப் பார்த்தான். “இப்ப பாத்தீங்கல்ல ஐயா?” என்றான். பார்த்தேன் என்றேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறொன்றும் ஆகவில்லை.

அடுப்பெரிக்கப் பழைய சாமான்களைக் கிளறியபோது செல்வம்மாள் கையில் அந்த ஆப்பு கிடைத்திருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மலையில் பிறந்தவளுக்கு முத்திரை தெரியாதா? மரத்தில் இருக்க வேண்டியது ஆப்பின் தலையில் ஏன் இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். சரியான கேள்வி.

இதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாயா என்று நீங்கள் கேட்டீர்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வருஷாவருஷம் போகிறேன், முழங்காலிடுகிறேன். கோபப்பட்டது, பூசைக்குத் தவறியது எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதில்லை. இது வேலை சம்பந்தப்பட்டது. ஒருத்தியின் பிடிவாதத்துக்காக ஒரு மலையின் திட்டத்தையே குலைக்க முடியாது. வேறு வழி இருந்திருந்தால் அதைச் செய்திருப்பேன்.

ஆகவே சாமிதுரை தழை கட்டினான். அவிழ்த்தவன் நான். ஆப்பை அடித்தவன் நான். அவனிடம் யாராவது போய் இதைச் சொல்லிவிட்டால் நல்லது. நானே சொல்லலாம்தான். அதற்கு எனக்கு வார்த்தை வரவில்லை.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. பாதையில் குற்றம் இருந்ததாக யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பச்சையம்மாளை மகளுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். காரியம் முடியும்வரை நான் வேலையை நிறுத்தி வைத்தேன். பிறகு ஆட்கள் கடப்பாரை போட்டார்கள். மகளின் கல்லை நெருங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பாறை தட்டியது. சரிவு முழுக்கப் படுத்திருக்கும் கரும்பாறை, வெடி வைத்தாலும் அசையாது. அதனால் முளைகளை நானே பிடுங்கி, பத்தடி கீழே தள்ளி நட்டுக்கொண்டு வந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. ஏற்றம் எங்கேயும் கெடவில்லை. தாய்க்கும் மகளுக்கும் பதித்த இரண்டு கல்லும் பாதைக்கு மேற்புறம் அப்படியே இருக்கின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை வந்த ரேஞ்சர் அந்த இடத்தில் நின்று, “வளைக்கவே முடியாதுன்னீங்களே?” என்றார்.

“பாறை சார்” என்றேன். பாறை என்றால் வளைத்துத்தானே ஆக வேண்டும்.