காலி என்று திருப்பித் தரப்பட்ட டிஸ்க்

என் அடையாள அட்டையில் உள்ள பெயரையும் கதவிலக்கத்தையும் எழுத்தர் மேலே குறித்துக்கொண்டார். வயது ஐம்பத்தொன்று. கெட்டுப்போன கணினி டிஸ்க்குகளிலிருந்து தகவல்களை மீட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கடைத்தெருவில் 'டிஸ்க் அக்கா' என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். காணாமல் போனவள் என்று இந்த நிலையத்தில் பதிவாகியிருப்பவள் என் கூடப் பிறந்த தங்கை. அவளும் என் கடையில்தான் வேலை பார்த்தாள். வழக்கை முடித்து வைக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்காக இன்று என்னை வரச் சொல்லியிருந்தார்கள். அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக இந்த வாக்குமூலத்தை என் சொந்த விருப்பத்தில் கொடுக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. மிரட்டினாலும் அடங்குகிற ஆள் இல்லை என்பது ஆய்வாளருக்கு இந்த ஒரு மாதத்தில் தெரிந்திருக்கும்.

என் தங்கையின் வேலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அதெல்லாம் எதற்கு என்று எழுத்தர் கேட்டார். அது இல்லாமல் மற்றது விளங்காது என்று சொன்னேன். டிஸ்க்கின் உள்ளே இருக்கும் தட்டு சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இப்போது வரும் பெரிய டிஸ்க்குகளில் ஒரு கட்டம் என்பது நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட். அந்தக் கட்டங்களின் மேல் டிஸ்க்கைப் பகுதி பிரிப்பது ஓர் அடுக்கு, அதன் மேல் ரகசியப் பூட்டு ஓர் அடுக்கு, பூட்டுக்குள்ளே கோப்புகளை வைக்கும் முறை இன்னோர் அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் கீழே இருக்கும் கட்டத்தின் விளிம்பிலேயே தொடங்க வேண்டும். கொஞ்சம் தள்ளித் தொடங்கினால், ஒரு கட்டத்தில் அடங்க வேண்டியது இரண்டு கட்டங்களில் காலை அகட்டி உட்காரும். ஒன்றை எழுத இரண்டைத் தூக்கி, திருத்தி, மறுபடி வைக்க வேண்டும். வேலையும் மந்தம், நடுவில் மின்சாரம் போனால் பக்கத்தில் சும்மா இருந்ததும் சேர்ந்து கெடும். முக்கால்வாசிப் பேர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. என் தங்கை பார்ப்பாள். நூல் பிடித்தாற்போல் வைப்பாள். அதனாலேயே கடையில் அவளுக்கு 'நூலு' என்று பெயர். "மொத ஒரு மெகாபைட்ட விட்டுடு, அடுத்த விளிம்புல பூட்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எங்க இருக்குன்னு சொல்லணும்க்கா" என்பாள். துணி மடிப்பதிலும் அப்படித்தான். அவளோடு ஓர் அறையில் வளர்ந்த எனக்கு அது பெரிய இம்சை.

அவளுடைய சொந்த டிஸ்க்கின் திறவுச்சொல் அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நாளைக்கு ஒருவருக்கு ஒன்று ஆகிவிட்டால் வாடிக்கையாளர் பொருள் முடங்கக் கூடாது என்று கடையில் அப்படி ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரருக்கு அது தெரியாது.

அவள் காணாமல் போனதாகச் சொல்லப்படும் வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, ஒரு வயதான அம்மா கீழே விழுந்து அடிபட்ட டிஸ்க் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தார். குடும்பப் படங்கள் மொத்தமும் அதில் இருந்தன. புதன்கிழமை வரச் சொல்லிவிட்டு, தங்கை அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். நுணுக்கமான வேலைகளை வீட்டில் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியையும் அணைத்துவிட்டுச் செய்வது அவள் பழக்கம். மீட்டதையெல்லாம், டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் தன் டிஸ்க்கில் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை, "படம் வர ஆரம்பிச்சிடுச்சு, அந்தம்மாகிட்ட சொல்லிடு" என்று எனக்குச் செய்தி அனுப்பினாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லை.

அதன் பிறகு திங்கட்கிழமை கடை திறக்கும் நேரத்தில் மாப்பிள்ளை வந்தார். மாப்பிள்ளை என்று நான் சொல்வது தங்கையின் கணவரை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "அக்கா, அவ போயிட்டாக்கா. ராத்திரி கொஞ்சம் வாய்த்தகராறு. காலைல எழுந்து பாத்தா ஆளக் காணோம்" என்றார். அவள் கைப்பேசி அணைந்திருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்தான் அவரை இங்கே கூட்டி வந்து புகார் எழுதிக் கொடுக்க வைத்தேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒருதரம் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பூட்டிட்டு வந்துட்டேன்க்கா, அங்க என்ன இருக்கு? நாலு பேர விசாரிச்சாலாவது பிரயோஜனம்" என்றார். அது நியாயமாகப் பட்டது. மனைவியைக் காணோம் என்று சொல்பவர் வீட்டைத் தேடிப் பார்க்காமலா சொல்வார் என்று நான் மட்டுமல்ல, நீங்களும் நினைத்தீர்கள். இந்த வரியை எழுத வேண்டுமா என்று எழுத்தர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் எழுதச் சொன்னார்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை காலை நானும் மாப்பிள்ளையும் பேருந்து நிலையத்தில் நின்று, அவள் படத்தை ஓட்டுநர்களிடமும் நடத்துநர்களிடமும் காட்டினோம். என் கைப்பேசியில் இருந்த படத்தில் அவள் முகம் பாதி திரும்பியிருந்தது. யாருக்கும் பிடிபடவில்லை. "வீட்டுல நல்ல படம் இருக்கும், போய் எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை" என்று நான்தான் சொன்னேன். அவர் தயங்கினார். நான் விடவில்லை. அதன் பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வெகுநேரம் வரவில்லை. நண்பகல் ஆகப் போகிறதே என்று "கிடைச்சுதா?" என்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. அதன் பிறகு படத்தோடு வந்தார். தெளிவான படம். அதை வைத்துக்கொண்டு அன்று சாயங்காலம் வரை ஊரெல்லாம் காட்டினோம்.

அதன் பிறகு புதன்கிழமை காவலர்கள் அந்த வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அலமாரியில் துணிகள் குறைந்திருந்தன. உள்ளறை மேசை காலியாக இருந்தது. கறுப்புப் பெட்டி இல்லை. பெட்டிக்குள் இருக்க வேண்டிய டிஸ்க்கை மட்டும் மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தார். "பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டா சார். இதுல இருந்தத எல்லாம் அழிச்சிட்டா" என்றார். பழத்தை வைத்துவிட்டுத் தோலை எடுத்துக்கொண்டு யாராவது போவார்களா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அழுகிற இடத்தில் அதைக் கேட்கவில்லை. நிலையத்துக் கணினிக்காரர் டிஸ்க்கைப் பெட்டி இல்லாமல் நேராகக் கம்பியில் மாட்டிப் பார்த்துவிட்டு, எதுவுமே இல்லை, காலி என்றார். 'புதிதாகத் தயார் செய்யவா?' என்று கணினி கேட்டதற்குச் 'சரி' என்றும் அழுத்தியிருக்கிறார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திட்டம் போட்டுப் போயிருக்கிறாள், தானாகப் போனவளைத் தேடிப் பயனில்லை என்று அதற்குப் பிறகு முடிவாயிற்று.

டிஸ்க்கை மாப்பிள்ளையிடம் திருப்பித் தந்தார்கள். அவள் கைபட்டது ஏதாவது ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்று கேட்டேன். "வெறும் டிஸ்க்குதானேக்கா, வெச்சுக்குங்க" என்று கொடுத்தார். கொடுத்துவிட்டு, "பாஸ்வேர்டு கீஸ்வேர்டு ஏதாவது உங்ககிட்ட சொல்லியிருக்காளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லி எனக்குப் பழக்கம்.

அதன் பிறகு பல நாள் அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. நேற்று மத்தியானம் கடையில் அதை மாட்டினேன். அதில் எதையும் எழுதாமல் முழுவதையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, நகலைத்தான் பார்த்தேன். துடைத்த டிஸ்க் என்றால் ஒரே பூஜ்யமாக இருக்கும். இதில் தலைப்பகுதியைத் தாண்டியதும் தாறுமாறான எழுத்துகளாய் இரைச்சல் இருந்தது. பூட்டி வைத்த தகவல் வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அவள் வைத்திருந்த பெட்டி நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்டுக்கு ஓர் எண் என்று கட்டங்களை எண்ணும் வகை. என் கடையிலிருந்து போனதுதான். நேராகக் கம்பியில் மாட்டினால் டிஸ்க் பழைய கணக்கில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டுக்கு ஓர் எண் என்று எண்ணும். ஒரே தெருவில் ஒருவர் எட்டு வீட்டுக்கு ஒரு கதவிலக்கமும், இன்னொருவர் வீட்டுக்கு ஒரு கதவிலக்கமும் போட்டால், ஒருவர் சொன்ன இலக்கத்துக்கு மற்றவர் போய் நின்றால் என்ன ஆகும்? காலிமனைதான் தெரியும். அவள் எதையும் அழிக்கவில்லை. பெட்டியை விட்டு எடுத்ததால் கணினிக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் கணினிக்காரர் 'சரி' என்று அழுத்தியதில் போனது தெருப் பலகை மட்டும். வீடு அப்படியே இருந்தது.

அதன் பிறகு முதல் ஒரு மெகாபைட்டை விட்டுவிட்டு அடுத்த விளிம்பில் பார்த்தேன். பூட்டின் தலை அங்கேயே இருந்தது. வேறு யாராவது வைத்ததாக இருந்தால் நான் தேடிக்கொண்டே இருந்திருப்பேன். திறவுச்சொல்லை அடித்தேன். திறந்தது. வாய்விட்டு அழுதேன். பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்தார். அவரைக் கேட்டாலும் சொல்வார்.

உள்ளே அந்த அம்மாவின் படங்கள் இருந்தன. கடைசியாகப் பூட்டைத் திறந்தது செவ்வாய்க்கிழமை காலை என்று பதிவாகியிருந்தது. அது தானாகத் திறக்காது; ஒவ்வொரு முறையும் திறவுச்சொல்லைக் கையால் அடிக்க வேண்டும். என்னைத் தவிர அதை அறிந்தவள் அவள் ஒருத்திதான். நான் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். கணினியில் நேரம் தவறாக இருந்திருக்கலாமே என்று ஆய்வாளர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அவள் எனக்குச் செய்தி அனுப்பிய நேரத்தில் வந்த முதல் படங்களுக்கு டிஸ்க்கிலும் அதே நேரம் விழுந்திருக்கிறது. என் கைப்பேசியையும் நகலையும் சேர்த்து ஒப்படைக்கிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை காலை அவள் அந்த உள்ளறையில் உட்கார்ந்து படங்களைக் கையால் பிரித்திருக்கிறாள். ஒரு கோப்புறையில் கல்யாணம், ஓர் உறையில் பிள்ளைகள். மூன்றாவது உறைக்கு 'இவங்க யாருன்னு புதன்கிழமை அம்மாகிட்ட கேக்கணும்' என்று பெயர் வைத்திருந்தாள். எனக்கோ யாருக்கோ எழுதிய சொல் ஒன்றும் அதில் இல்லை. நாங்கள் அவள் படத்தைக் காட்டி ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தான் காணாமல் போய்விட்டதே அவளுக்குத் தெரியாது.

கடைசிப் படம் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. மேலே ஒரு பெண் சிரிக்கிறாள், கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறம். டிஸ்க்கை முறையாக மூடாமல் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் அப்படி ஆகும். மூடாமல் பிடுங்கியதாக டிஸ்க்கிலும் குறி விழுந்திருக்கிறது. அவள் பிறந்ததிலிருந்து ஒரு டிஸ்க்கையும் அப்படிப் பிடுங்கியவள் இல்லை. அந்தப் படத்தின் நேரம், "கிடைச்சுதா?" என்று நான் மாப்பிள்ளைக்குச் செய்தி அனுப்பியதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஊகத்தைச் சொல்லக் கூடாது, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்றார் ஆய்வாளர். சரி, பார்த்ததையே சொல்கிறேன். மாப்பிள்ளையை அந்த நேரத்தில் அந்த வீட்டுக்கு அனுப்பியது நான். நேற்றிலிருந்து கண்ணை மூடினால் அவர் தயங்கி நின்றது தெரிகிறது, போங்க போங்க என்று நான் விரட்டியது கேட்கிறது.

இன்று காலை கையெழுத்துக்காக என்னை அழைத்துவர மாப்பிள்ளையே கடைக்கு வந்தார். வர மாட்டேன் என்றால் சந்தேகப்படுவார் என்று வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் மெதுவாகத்தான் ஓட்டினார். "கெட்டியா புடிச்சுக்குங்கக்கா" என்றார். நான் அவரைப் பிடிக்கவில்லை, இருக்கையின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே எழுதியதை எழுத்தர் வாய்விட்டுப் படித்துக் காட்டினார், முழுக்கக் கேட்டுக்கொண்டேன். நான் சொன்னதில் ஒன்றும் விடுபடவில்லை, சொல்லாதது ஒன்றும் சேரவில்லை. அனைத்தும் நான் அறிந்த வரையில் உண்மை. மாப்பிள்ளை வெளியே பெஞ்சில் என் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு முறை கதவு வழியாக எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டுவிட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். மெதுவாகப் போடுகிறேன், நான் முடிக்கும்வரை அவர் இங்கிருந்து போக மாட்டார். அதற்குள் அந்த வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள்.

(கையொப்பம்)