அனுமதி ஐந்து மணி நேரம்

நொபுயோ: அப்புறம்? கதவு திறந்துச்சா இல்லையா?

தகெஜி: மூச்சு விட விடு. இன்னும் ஷூவைக்கூடக் கழட்டலை...

நொபுயோ: கழட்டிக்கிட்டே சொல்லுங்க. கேக்கறது என் காதுதானே, உங்க கால் இல்லையே.

தகெஜி: திறந்துச்சு. ரெண்டு உதை விட்டேன், அப்புறம் திறந்துச்சு.

நொபுயோ: உதையா! உங்கம்மா இருந்தப்ப அந்தக் கதவை உதைச்சிருந்தா, அவங்க உங்களை உதைச்சிருப்பாங்க.

தகெஜி: அம்மா இருந்தா கதவு ஒழுங்காத் திறந்திருக்கும். ஏழு வருஷமா ஆள் இல்லாத வீடு. மரம் ஈரத்துல உப்பிக்கிச்சு.

நொபுயோ: அந்தச் சட்டையைப் பால்கனியில போடுங்க. உள்ள கொண்டு வராதீங்க.

தகெஜி: மேல வெள்ளை உடுப்பு போட்டுட்டுத்தானே போனேன். இதுல ஒண்ணும் ஒட்டியிருக்காது.

நொபுயோ: இருந்தாலும் போடுங்க. கீழ்வீட்டுக்காரி பாத்தா அதுக்கு வேற...

தகெஜி: அவ இப்பவும் நம்ம வண்டியோட கடற்கரை ஊர் நம்பரைப் பாத்துட்டுத்தான் வணக்கம் சொல்றாளா?

நொபுயோ: வணக்கம் சொல்றதையே நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. போய்க் கையைக் கழுவுங்க. சூப்பைச் சூடு பண்றேன்... கதிர்வீச்சு அளக்கக் கழுத்துல மாட்டி விடுவாங்களே அந்தக் கருவி, இன்னிக்கு எவ்வளவு காட்டுச்சு?

தகெஜி: பாக்கலை.

நொபுயோ: பாக்கலையா?

தகெஜி: கேட்ல திருப்பிக் குடுத்துட்டேன். எனக்கு எழுபத்திமூணு. அணு உலை வெடிச்ச அன்னிக்குப் பண்ணாததையா இனிமே வந்து பண்ணிடப் போவுது?

நொபுயோ: பேச்சைப் பாரு.

தகெஜி: பின்ன என்ன? சொந்த வீட்டுக்குப் போக விண்ணப்பம், அடையாள அட்டை, உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம்... அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம் ஆனா ஒலிபெருக்கியில பேரைச் சொல்லிக் கூப்பிடறான். வெளிநாடு போறவன்கூட இத்தனை காகிதம் காட்டமாட்டான்.

நொபுயோ: கோவிச்சுக்காம சாப்பிடுங்க. ஹெர்ரிங் ஊறுகாய் இருக்கு.

தகெஜி: இந்த மலை ஊர்ல மீனுன்னா ஊறுகாய்தான். நம்ம பக்கம் இந்நேரம் ஃப்ளவுண்டர் மீனைக் கயித்துல கட்டிக் காயப் போட்டிருப்பாங்க.

நொபுயோ: இருப்பாங்களா?

தகெஜி: ...இருந்திருப்பாங்க.

நொபுயோ: ம். சரி, உள்ள எப்படி இருந்துச்சு?

தகெஜி: அப்படியேதான். எலிப் புழுக்கை, ஓதம், வாடை. ஆனா கூரை நல்லா நிக்குது. நிலநடுக்கத்துல ரெண்டு ஓடு சரிஞ்சதோட சரி.

நொபுயோ: சமையலறை?

தகெஜி: நீ விட்டுட்டு வந்த மாதிரியே. கொடியில உன்னோட பூப்போட்ட ஏப்ரன் தொங்குது.

நொபுயோ: எந்தப் பூ?

தகெஜி: எந்தப் பூவா? நீலம்... மணிப் பூ மாதிரி.

நொபுயோ: மாடிப்படியில அந்த நாலாவது படி?

தகெஜி: கத்துச்சு. நான் மிதிக்கறதுக்கு முன்னாடியே கத்துச்சு. யாருடா வந்திருக்கறதுன்னு கேக்கற மாதிரி.

நொபுயோ: மேல ஜன்னல்லேருந்து கடல் தெரிஞ்சுதா?

தகெஜி: தெரியாம எங்க போவும்? புல்லு ஆள் உயரம் வளந்து கெடக்கு, ஆனா அதுக்கு அந்தாண்ட கடல் இருக்கத்தான் இருக்கு. இன்னிக்கு அலையே இல்ல. பச்சையும் இல்லாம நீலமும் இல்லாம... கொல்லையில பேரி மரம் பூத்திருக்கு.

நொபுயோ: பூத்திருக்கா?

தகெஜி: வெள்ளை வெளேர்னு. தோட்டத்துல முந்நூறு மரத்தை வெட்டிப் புதைச்சானுங்களே, அது ஒண்ணு மட்டும் வீட்டு மரம்னு தப்பிச்சுக்கிச்சு.

நொபுயோ: இங்க பனியே இன்னிக்குத்தான் வண்டி நிறுத்தற எடத்துலேருந்து போச்சு. கோட்டையில செர்ரி இன்னும் மொட்டு.

தகெஜி: வரும்போது பெட்ரோல் போட நிறுத்தினேன். அந்தப் பொண்ணு நம்பரைப் பாத்துட்டு, "கடற்கரைப் பக்கத்துலேருந்தா வர்றீங்க? இந்த அய்சு ஊருக்குச் சுத்திப் பாக்கவா? பத்து நாள் பொறுத்து வந்திருந்தா செர்ரி பாத்திருக்கலாமே"ங்குது.

நொபுயோ: நீங்க என்ன சொன்னீங்க?

தகெஜி: இருந்து பாத்துட்டே போறோம்மான்னேன்.

நொபுயோ: ஏழு தடவை பாத்தாச்சு.

தகெஜி: எட்டாவதும் பாப்போம். நான் என்ன புண்ணியம் பண்ணியிருக்கேன் பாரு, பேரித் தோட்டத்தை விட்டு நகராதவன், இந்த மாகாணத்துல ஒரு எடம் விடாம தங்கிட்டேன். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடம், ஏரிப் பக்கத்து விடுதி, வெந்நீர் ஊத்து...

நொபுயோ: இருபது வருஷமாக் கேட்டேன், வெந்நீர் ஊத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போங்கன்னு.

தகெஜி: கூட்டிட்டுப் போனேனா இல்லையா? ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நாலு மாசம்!

நொபுயோ: ஆமா... சுவத்துல "இலையுதிர் காலத்தில் மீண்டும் வருக"ன்னு பெரிய படம். அதுக்குக் கீழ சோத்து உருண்டைக்கு வரிசையில நின்னோம்.

தகெஜி: நீ அந்தப் படத்தைப் பாத்துச் சிரிச்சே.

நொபுயோ: அழுதேன். நீங்க பின்னாடி நின்னீங்க, தோள் குலுங்கறதைப் பாத்துட்டுச் சிரிக்கறேன்னு நெனச்சுட்டீங்க.

தகெஜி: ...சூப்ல உப்பு கம்மி.

நொபுயோ: டாக்டர் சொன்ன அளவு. பக்கத்துல எந்தோ குடும்பத்து வீடு எப்படியிருக்கு?

தகெஜி: எந்தோ வீடு... இல்ல.

நொபுயோ: இல்லைன்னா?

தகெஜி: இடிச்சுட்டாங்க. மலையிலேருந்து மண்ணு கொண்டாந்து கொட்டி, சமமா நிரவி, நாலு மூலையில நாலு கம்பு நட்டு வெச்சிருக்கான். அவ்வளவுதான். அடுப்படி எங்க, குளியலறை எங்கன்னு ஒண்ணும் புரியலை. இவ்வளவு சின்ன எடத்துலயா இத்தனை வருஷம் புழங்கினாங்கன்னு இருந்துச்சு. பத்தடி நடந்தேன், முடிஞ்சு போச்சு.

நொபுயோ: நீங்க எதுக்கு அவங்க எடத்துல நடந்தீங்க?

தகெஜி: சும்மா... வேலி இல்லையே. என்ன அப்படிப் பாக்கறே?

நொபுயோ: நம்ம பொண்ணு போன் பண்ணினா, கனயே.

தகெஜி: மறுபடியும் அந்த சைதாமாவுக்கு வந்துடுங்கங்கற கதையா?

நொபுயோ: அவ வீட்ல ஒரு ரூம் நமக்குன்னு ஒழிச்சு வெச்சு ஒரு வருஷம் ஆவுது. இந்த மாசத்துக்குள்ள பதில் சொல்லுங்கங்கறா. அவ மாமியாரும் வர்றேங்கறாங்களாம், அவளும் எத்தனை நாள்தான் வாயால நிறுத்தி வெப்பா?

தகெஜி: அங்கேருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம் தெரியுமா? இங்கேருந்து மூணு மணி நேரம். காலையில போனா சாயங்காலம் வந்துடலாம். பருவத்துக்கு ஒரு தடவை ஜன்னலைத் திறந்து காத்து விடலைன்னா வீடு என்னத்துக்கு ஆவும்?

நொபுயோ: வீடு என்னத்துக்கு ஆவும்...

தகெஜி: ஆமா.

நொபுயோ: வியாழக்கிழமை பத்து மணிக்கு உங்களுக்கு ஆஸ்பத்திரியில நேரம் வாங்கியிருக்கேன்.

தகெஜி: எனக்கா? ரத்தக்கொதிப்பு போன வாரம்தானே பாத்தாங்க?

நொபுயோ: இது வேற டாக்டர்.

தகெஜி: எதுக்கு?

நொபுயோ: ...தலைக்கு.

தகெஜி: எனக்குத் தலைவலின்னு யார் சொன்னா?

நொபுயோ: வலிக்கு இல்லைங்க. மறதிக்கு. கனயேதான் சொன்னா, அப்பாவைக் கூட்டிட்டுப் போம்மான்னு.

தகெஜி: மறதியா! எனக்கா! நீல ஏப்ரன்லேருந்து நாலாவது படி வரைக்கும் சொன்னேனே, ஒண்ணு தப்பாச் சொன்னேனா? நூறிலேருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொல்லு, கழிக்கறேன். தொண்ணூத்திமூணு, எண்பத்தாறு, எழுபத்தி...

நொபுயோ: நிறுத்துங்க!

தகெஜி: எழுபத்தொம்பது.

நொபுயோ: வீடு இல்லைங்க. காதுல விழுதா? வீடு இல்ல. ஏப்ரன் இல்ல, படி இல்ல, பேரி மரம் இல்ல. போன ஆகஸ்ட்ல இடிச்சுட்டாங்க. மூணு தடவை போயிட்டு வந்து, இல்லாத வீட்டுக்குள்ள நடந்துட்டு வந்தேன்னு சொல்றீங்க. இவருக்கு என்ன ஆச்சுன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்.

தகெஜி: உக்காரு.

நொபுயோ: உக்கார மாட்டேன். முழுசாச் சொல்லிடறேன். இடிக்கறதுக்குச் சம்மதம் குடுத்தது நான். உங்க அலமாரியிலேருந்து, கையெழுத்துக்குப் பதிலா நீங்க வெக்கற முத்திரையை எடுத்துட்டுப் போய், நகராட்சித் தாள்ல நான்தான் குத்தினேன். நீங்க பல் பிடுங்கப் போன அன்னிக்கு.

தகெஜி: நொபு, உக்காரு.

நொபுயோ: ஏன்னு கேக்க மாட்டீங்களா? மூணாவது வருஷம் நான் ஒரு தடவை போனேனே... உங்ககிட்ட, எல்லாம் பத்திரமா இருக்குன்னு வந்து சொன்னேனே... பத்திரம் இல்லைங்க. பூஜை அறையில, உங்கம்மா படத்துக்குக் கீழ, காட்டுப்பன்னி குட்டி போட்டிருந்துச்சு. என்னைப் பாத்து உறுமுது. என் வீட்ல நின்னுக்கிட்டு என்னை உறுமுது. அடுத்து நீங்க போனப்ப அந்த அறைக்கதவைத் திறக்காதீங்க, தரை உள்ள எறங்கிடுச்சுன்னு சொன்னேன். நீங்களும் திறக்கலை.

தகெஜி: திறந்தேன்.

நொபுயோ: ...திறந்தீங்களா?

தகெஜி: அப்பவே திறந்துட்டேன். நீ சொல்லலையேன்னு நானும் சொல்லலை.

நொபுயோ: கடவுளே... ஊர்ல தங்கக் கூடாதுங்கற தடையை நீக்கினா நீங்க ஒருத்தரே அங்க போய் உக்காந்துக்குவீங்கன்னு பயம். கடை இல்ல, டாக்டர் இல்ல, தெருவுல ஒரு விளக்கு இல்ல. என்னைக்காவது ஒரு நாள் போலீஸ்காரன் போன் பண்ணி, வாங்கம்மா, வந்து அடையாளம் காட்டுங்கன்னு சொல்லுவான்... அதனாலதான் குத்தினேன். இலையுதிர் காலத்துல நீங்க போனப்ப, திரும்பி வந்து என்னை அடிக்கப் போறீங்கன்னு இதே எடத்துல உக்காந்திருந்தேன். நீங்க வந்து, பேரி நல்லாக் காய்ச்சிருக்குன்னீங்க.

தகெஜி: ம்.

நொபுயோ: இடிக்கலையோன்னு நகராட்சிக்குப் போன் போட்டேன். எப்பவோ முடிஞ்சுதுங்கறாங்க. அப்புறம் குளிர் காலத்துல போனீங்க. வந்து, கூரையில பனியே இல்ல, இங்க மாதிரி இல்லன்னீங்க...

தகெஜி: நம்ம பக்கம் பனி விழாதே. அதுல பொய் இல்ல.

நொபுயோ: விளையாடாதீங்க!

தகெஜி: விளையாடலை. எனக்குத் தெரியும், நொபு. இலையுதிர் காலத்துலயே தெரியும். போய் வண்டியை விட்டு எறங்கினேன், மண்ணு. தெரு மாறி வந்துட்டேன்னு நெனச்சு ரெண்டு சுத்து சுத்தினேன். கேட்ல இருந்தவன் பேரைக் கேட்டுட்டுச் சம்மதத் தாளோட நகலைக் காட்டினான். முத்திரை என்னோடது. நான் குத்தலை. அப்போ வேற யாரு இருக்கா இந்த வீட்ல?

நொபுயோ: அப்போ எந்தோ வீடுன்னீங்களே... மண்ணு, நாலு கம்பு...

தகெஜி: நம்மளதுதான். எந்தோ வீடு இன்னும் நிக்குது.

நொபுயோ: ஏன் கேக்கலை? ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலை?

தகெஜி: கேக்கத்தான் வந்தேன். வழி முழுக்க என்னென்ன கேக்கணும்னு சொல்லிப் பாத்துக்கிட்டே ஓட்டினேன். அசிங்கமான வார்த்தையெல்லாம் சேத்து வெச்சிருந்தேன். நீ கதவைத் திறந்து, "வீடு எப்படியிருக்கு"ன்னே. உன் முகத்தைப் பாத்தேன்... முத்திரை வெச்சுட்டியே தவிர, இடிச்சு முடிச்சது உனக்குத் தெரியலைன்னு நெனச்சேன். நல்லாயிருக்குன்னு வாயில வந்துடுச்சு. ஒரு தடவை நல்லாயிருக்குன்னு சொல்லிட்டா, அடுத்த தடவை எப்படி இல்லைங்கறது?

நொபுயோ: நான் கேட்டது பயத்துல...

தகெஜி: இப்பத் தெரியுது.

நொபுயோ: ரெண்டு பேரும் சேந்து என்னங்க பண்ணிட்டிருந்தோம், எட்டு மாசமா?

தகெஜி: கனயேகிட்டச் சொல்லு, வர்றோம்னு. டாக்டரையும் வேண்டாம்னு சொல்லிடு.

நொபுயோ: நெஜமாவா?

தகெஜி: இனிமே இங்க இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன. ரெண்டும் வெளியூர்தான்.

நொபுயோ: அழறீங்களா?

தகெஜி: இல்ல. சூப் ஆறிப்போச்சு.

நொபுயோ: ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒண்ணுமே இல்லாத அந்த மண்ணுல, பருவம் தவறாமப் போய், அஞ்சு மணி நேரம் என்னதான் பண்ணுவீங்க?

தகெஜி: அங்க போகலை, நொபு. மண்ணைப் பாத்த அந்த ஒரு தடவைக்கு அப்புறம் நான் போகவே இல்ல. இங்கேருந்து அரை மணி நேரத்துல ஏரி வந்துடும். கரையில சுத்திப் பாக்க வந்தவங்க வண்டியா நிக்கும், அதுக்கு நடுவுல நானும் கொண்டு போய் நிறுத்திக்குவேன். சாயங்காலம் வரைக்கும் எறங்காம உள்ளயே உக்காந்து... இந்தத் தடவை வீடு எப்படியிருக்குன்னு உங்கிட்டச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருப்பேன்.