மைனஸ் ஒன்பது

உங்கள் கண்ணாடியின் இடது கால் கொஞ்சம் வளைந்திருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். அதனால்தான் அடிக்கடி ஏற்றிவிட்டுக்கொள்கிறீர்கள். நல்ல கண்ணாடி என்றால் போட்டிருப்பதே மறந்துபோக வேண்டும். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக்கடை வைத்திருப்பவன் சொல்கிறேன்.

என் மனைவி திடீரென்று கிளம்பிவிட்டாள் என்கிறார்கள். வசதியான வீடு, அதிர்ந்து பேசாத புருஷன், அவளுக்கு என்ன குறைச்சல் என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். ஒரு குறைச்சலும் இல்லை. கண் மட்டும்தான் பாவம். மைனஸ் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றினால் கைரேகையைப் பார்க்கவே கையை மூக்குவரை கொண்டுபோக வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்ததும் அங்கே நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குத் தெரியாத ஆட்களைப் பற்றிய சிரிப்பு. மூன்றாம் வருடம் அவளுக்குப் புதுக் கண்ணாடி செய்தபோது பவரைக் கொஞ்சம் குறைத்தேன். லென்ஸின் மையத்தையும் தள்ளி வைத்தேன். கடுகளவுதான். எழுத்தெல்லாம் நகருகிறது, தலை வலிக்கிறது என்றாள். வேலையை அவளாகத்தான் விட்டாள். நான் விடச் சொன்னதே இல்லை.

அடுத்தடுத்த கண்ணாடிகளும் அப்படியே. தனியாகச் சாலையைக் கடக்கப் பயந்தாள்; கையைப் பிடித்துக்கொண்டேன். செய்தித்தாளை நான் வாசிக்க, அவள் கேட்டாள். சில நாள் வாசித்து முடித்தபின் பொழுது சாயும்வரை இருவரும் பேசாமலே உட்கார்ந்திருப்போம். எட்டு வருடம் அப்படி ஓர் அமைதி எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

போன மாதம் அவளுடைய அக்கா வீட்டில் கண்ணாடி உடைந்துவிட்டது. அந்த ஊர்க் கடையில் கண்ணைச் சோதித்துப் புதிது போட்டுக்கொண்டாள். திரும்பி வரவில்லை. முந்தாநாள் மதியம் துணிகளை எடுத்துப்போக மட்டும் வந்தாள்.

“மரத்துல இலையெல்லாம் தனித்தனியா தெரியுதுங்க,” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “முதல்ல உங்க கை தவறிருச்சுன்னுதான் நெனச்சேன். எட்டு வருஷமா ஒரே மாதிரி யாருக்குங்க கை தவறும்?”

பெட்டியைக் கட்டி முடித்து நிமிர்ந்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து தழும்பாகியிருந்தது.

“அந்தக் கடைக்காரன் மூக்குல உக்கார்ற இடத்தைச் சரியா வளைக்கல. குடு, ஒரு நிமிஷம்.”

கழற்றிக் கொடுத்துவிட்டாள். பதினொரு வருடப் பழக்கம், சார். நான் கை நீட்டினால் அவள் கை தானாக முகத்துக்குப் போகும். கொடுத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

“குடுத்துருங்க.”

சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். “உக்காரு, பேசலாம்,” என்றேன்.

“தடவிக்கிட்டே போயிடுவேன். இத்தனை நாளும் அப்படித்தானே இருந்தேன்.”

ஒரு கையில் பெட்டி, ஒரு கையால் சுவர். வாசலைத் தாண்டிவிட்டாள். எங்களுடையது மூன்றாம் மாடி. அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தபோது வெல்டிங் ஆள் வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். “கீழ்த் திருப்பத்துல படிக்கட்டுக் கைப்பிடியைக் கழட்டிட்டோம் சார். வீட்ல பார்த்து இறங்கச் சொல்லுங்க.” சரி என்றிருந்தேன்.

சொல்ல நேரம் இருந்தது, சார். அந்தத் திருப்பத்துக்குப் பதினான்கு படி. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றேன். என்னைக் கூப்பிடுவாள் என்றுதான் நின்றேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்திருப்பேன். அவளைத் தனியாக நான் எங்கேயும் விட்டதே இல்லை.