மாடிக்கு வந்த உத்தரவு

எழிலன்: நூத்தி அறுபத்தாறு மணி நேரம் முடிஞ்சிது. இன்னும் ரெண்டே மணி நேரம், பிரிசி.

பிரிசில்லா: எண்ணிக்கிட்டேவா இருந்தீங்க?

எழிலன்: மொட்டமாடி ரூம்ல வேற என்னா வேல? மேல புருஷன், கீழ பொண்டாட்டி, பேசறது செல்போன்ல. இந்த செம்மண்டலம் ஏரியாவே சிரிக்குது.

பிரிசில்லா: சிரிக்கட்டும். ஜுரம் பாத்தீங்களா?

எழிலன்: தெனம் ரெண்டு தடவ. தொண்ணூத்தெட்டு புள்ளி நாலத் தாண்டல.

பிரிசில்லா: ஓடினீங்களா?

எழிலன்: மாடிய நூறு சுத்து. முதுவுல இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டையோட. பக்கத்து வீட்டு ஜெயராணி அக்கா பாத்துட்டு, அரிசிக்குக் காத்து காட்டுறியா தம்பின்னு கேக்குது.

பிரிசில்லா: அடுத்த மாசம் மலைக்குப் போவணுமில்ல...

எழிலன்: அதான். பட்டாளத்துல மலை ஏறப் போறவங்க லிஸ்ட்டு, ரெண்டு வருஷமா காத்துக் கெடந்தது. இந்தப் பன்றிக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து, லேசா ஜுரம்னாலே பேர அடிச்சிடறாங்க. மலை மேல ஒரு கூடாரத்துல எட்டு பேரு. ஒருத்தனுக்கு வந்தா...

பிரிசில்லா: எட்டு பேருக்கும்.

எழிலன்: ஆனாலும் இப்படியா? லீவுல வந்தவன், அன்னிக்கி பரங்கிப்பேட்டையிலேர்ந்து மீன் வாங்கிட்டு வரேன். கேட்டுலயே நிறுத்தி, உங்க சுபேதார் சார் போன் பண்ணாரு, லீவுல வந்தவங்க ஏழு நாள் தனியா இருக்கணுமாம்னு மாடிக்கு ஏத்திட்ட.

பிரிசில்லா: உத்தரவுன்னா கேள்வி கேக்க மாட்டீங்கல்ல.

எழிலன்: சோத்தப் பத்தி கேக்கலாமா? ஏழு நாளும் ஜெயராணி அக்கா சமையல். உப்பு ஜாஸ்தி.

பிரிசில்லா: அதுவும் கேக்கக் கூடாது.

எழிலன்: நீ சிதம்பரம் பஸ்ஸுக்கு ஓடறதயாவது மேலேர்ந்து பாக்கலாம்னு இருந்தேன். வேலைக்கும் போவல.

பிரிசில்லா: வீட்டுல ஒருத்தர் தனியா இருந்தா, லேப்ல என்னையும் சேக்க மாட்டாங்க.

எழிலன்: சரி, வை. சுபேதார் சாருக்குப் போன் போட்டு, ஏழு நாள் முடிஞ்சிது, ஜுரம் இல்ல, நாளைக்குப் பொறப்படறேன்னு சொல்லிடறேன்.

பிரிசில்லா: வேணாங்க.

எழிலன்: உத்தரவு போட்டவருகிட்ட சொல்ல வேணாமா?

பிரிசில்லா: அவருக்கு... ஒன்னும் தெரியாதுங்க.

எழிலன்: பிரிசி?

பிரிசில்லா: கோவப்படாதீங்க. இப்ப நல்லாருக்கேன். விட்டு நாலு நாளாவுது.

எழிலன்: எது விட்டு?

பிரிசில்லா: சொல்லியிருந்தா எறங்கி வந்து பக்கத்துலயே உக்காந்துடுவீங்க. அதான் உத்தரவ நானே போட்டேன்... காய்ச்சல் எனக்குத்தாங்க வந்துச்சு.