ஆறு பேருக்கு ஒரு பொன்னாடை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், தென்னகத்தின் முதல் மருத்துவ ரோபோ குற்றாலம் ரோட்டில் எங்கள் ஆஸ்பத்திரியில் எழுந்தருளியது. அழைப்பிதழில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள், சார். வந்தது ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே ஓர் இரும்புக் கை, அடுக்கிலிருந்து டேப்பை எடுத்து டிரைவில் செருகும்; எழுதி முடிந்ததும் திரும்ப வைக்கும். நோயாளிகளின் ஸ்கேன்களுக்கு நகல் எடுத்து வைக்கிற வேலை. அது மேடைக்கு நடந்து வந்து தனக்கு மாலை போடும் என்று சேர்மன் நமசிவாயம் அண்ணாச்சி நினைத்திருந்தார். போடாது என்று சொன்ன பாவி நான்தான்.

என் பெயர் பென்னி. அந்தப் பெட்டியை பேக்கப் சாஃப்ட்வேரோடு சேர்த்து ஓடவைத்தவன்.

திறப்பு விழாவில் எனக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்த கையோடு சேர்மன் அதை உருவினார். "வெறச்சுக்கிட்டு நிக்காதலே, அடுத்தவன் நிக்கான்" என்றார், மைக்கில். அதே துணி ஜெனரேட்டர்காரருக்குப் போனது, பிறகு பந்தல்காரருக்கு. ஆறு பேர், ஆறு போட்டோ. கடைசியில் நின்றவர் மட்டும் துணியோடு வீட்டுக்குப் போனார். மூன்றாவது வரிசையிலிருந்து என் மனைவி ஞானபாக்கியம் பார்த்துக்கொண்டிருந்தாள். "போத்தினாவளே, அது எங்க?" என்று பஸ்ஸில் வைத்துக் கேட்டாள்.

டேப் டிரைவில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு நகல் வேலை முடிந்ததும் நாடா அங்கேயே நிற்க வேண்டுமா, ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொள்ள வேண்டுமா என்று நாம்தான் சொல்ல வேண்டும். நின்றால் அடுத்தது அதன் பின்னால் பதியும். சுற்றினால் முந்தினதின் மேலேயே பதியும். விழாவுக்கு மறுநாள் நான் சுற்றச் சொன்னேன். ஒவ்வொரு வேலைக்கும் 'வெற்றி' என்று பச்சை எழுத்தில் ரிப்போர்ட் வரும். எல்லோருக்கும் போட்டோ, கடைசி ஆளுக்குத்தான் துணி.

தினமும் கடைசி ஆளாக சேர்மனின் முப்பது வருஷச் சொற்பொழிவு வீடியோக்களை வைத்தேன். ஸ்கேன்கள் இருக்கிற டிஸ்க் என்றைக்காவது சாகும். டேப்பைத் திறப்பார்கள். அத்தனை டாக்டர்கள் முன்னாலும் அவர் பேச்சு மட்டும் வரும். அதுதான் திட்டம். எனக்கு அவசரம் இல்லை. பதினான்கு மாதம் பொறுத்திருந்தேன்.

தினமும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற எப்சிபா மட்டும் ஒருதடவை கேட்டாள். "அண்ணே, டேப்பு ஒண்ணுகூட நெறய மாட்டுக்கே?"

"நல்லா சுருக்கி எழுதுதும்மா" என்றேன். மிஷினைப் பெருமையாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

சாரல் மாதத்தில் ஏசி நின்று, ஈரத்தில் டிஸ்குகள் போயின. அந்த வாரம்தான் கடையநல்லூரிலிருந்து ஹாஜரா பீவியைக் கொண்டுவந்தார்கள். நுரையீரலில் நிழல். ஆறு வருஷத்துக்கு முன்னால் இங்கேயே எடுத்த படத்தில் அதே நிழல் இருந்தால் பழைய வடு, கத்தி வேண்டாம் என்றார் டாக்டர். மகள் ஹஸீபா என் அறைக்கே வந்தாள். "அண்ணாச்சி, உம்மாவோட பழைய படம் ஒண்ண மட்டும் எடுத்துத் தாங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டோம்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். இரண்டு நாள் தேடவும் செய்தேன், அவள் கண்ணெதிரில். பிறகு அறுத்தார்கள். பழைய வடுதான். நாலாம் நாள் அந்தம்மா இறந்துபோனார்.

டேப்புகளை எல்லோர் முன்னாலும் திறந்தோம். நேரம் தவறாமை பற்றி சேர்மன் ஒன்றே முக்கால் மணிநேரம் பேசினார். மற்ற டேப்புகளிலும் அவர் பேச்சுதான், ஒரு ஸ்கேன்கூட இல்லை. அவர் முகம் தொங்கும் என்று பார்த்திருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் அழிந்தும் தன் குரலைக் குற்றாலநாதர் காத்தார் என்றார். எப்சிபாவை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார். மறு வாரம் விழா வைத்து, தன் பேச்சைக் காப்பாற்றியதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார். இந்தத் தடவை உருவவில்லை.

இப்போது எப்சிபாவை இங்கே ஸ்டேஷனில் உட்காரவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் நியாயம் பார்க்கிறவன், அதனால்தான் நானாகவே சொல்கிறேன். ஹாஜரா பீவியோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் பழிவாங்கியது சேர்மனை.

பொன்னாடை வீட்டில்தான் இருக்கிறது. சாட்சிப் பொருளாக வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். ஞானபாக்கியம் ஒருதடவை துவைத்தாள். சாயம் போய்விட்டது.