மேட்டில் நின்ற ரயிலின் ஓட்டுநருக்கு

இரண்டரை அடி இடைவெளித் தண்டவாளத்தில் இருபத்தோரு மைலை ஆண்ட எங்கள் அண்ணலே! கரிப்புகையையே கண்மையாய் அணிந்த கருணைக் கடலே! விசில் ஒலியாலேயே வீட்டாருக்கு 'உலை வை' என்று சொல்லியனுப்பும் வித்தகரே! உங்கள் பணிநிறைவு விழாவில் எங்கள் வணக்கம்.

நாட்டின் குறுகிய ரயில் பாதைகளையெல்லாம் ஒன்று அகலமாக்கினார்கள், இல்லையேல் பிடுங்கி எடைக்குப் போட்டார்கள். கல்குவாரிக்காகப் போட்ட நம் பாதை மட்டும் மிஞ்சியது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அதில் நீங்கள் ஓட்டிய வேகம் ஊரறிந்தது. நடுவழியில் இறங்கி முகம் கழுவி, மறுபடி அதே பெட்டியில் ஏறியோர் பலர். ஒருவரையும் விட்டுவிட்டுப் போன பாவம் உங்களுக்கு இல்லை.

இத்தகைய பணிப்பதிவேட்டில் ஒரே ஒரு கரும்புள்ளி. பாதையை மூடிவிடலாமா என்று பார்க்க, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அதிகாரி வந்த நாளில் விழுந்தது அது.

அன்று எஞ்சினைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக்கினீர்கள். பிறகு நடந்ததைச் சொல்ல நா கூசுகிறது. மேட்டில் ஏறும்போது சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின, ரயில் நகரவில்லை. எஞ்சினுக்கு ஈடாக மின்னட்டும் என்று யாரோ தண்டவாளத்துக்கே எண்ணெய் தேய்த்திருந்தார்கள்!

"யாருய்யா இந்த வேலையப் பாத்தது?" என்று அதிகாரி கத்தினார்.

நீங்கள் கண்ணிமைக்காமல் சொன்னீர்கள்: "நான்தாங்க. எதுவா இருந்தாலும் அப்புறம் எழுதிக்குங்க. இப்ப கொஞ்சம் எறங்கித் தள்ளுங்க சார்."

தள்ளினார்! சக்கரம் வழுக்காதிருக்க நாங்கள் தண்டவாளத்தில் மணல் தூவ, அவர் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பயணிகளோடு தோள் கொடுத்து மூச்சு வாங்கத் தள்ளினார். உச்சியை அடைந்ததும் ஆசை தீர விசிலை இழுத்தார். மறுவாரம் இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று, இப்பாதையைப் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கச் சொல்லும் பரிந்துரை. இன்னொன்று உங்களுக்குக் கண்டனம். முதல் தாளுக்கு எல்லோரும் கைதட்டினோம். இரண்டாவதை நீங்கள் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். பதவி உயர்வு அதோடு போயிற்று. உங்கள் துணைவியார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாராம்.

பெருந்தகையே! நோயற்ற உடலும் நூறாண்டு வாழ்வும் பெற்று, உங்கள் ரயிலைப் போலவே நிதானமாய் வாழ்க!

மேடையில் தலைமை தாங்கும் அதிகாரி அவர்களே! அன்று தள்ளியவர் தாங்கள்தான். இவர் ஓய்வுபெற இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பணிப்பதிவேட்டைத் தங்கள் முன்னால் மேசையில் வைத்திருக்கிறோம். அந்தக் கண்டனத்தை இவர் பெயரிலிருந்து அடித்துவிட்டு, கீழே கையொப்பமிட்ட எங்கள் மீது எழுதிக்கொள்ளுங்கள்.

நன்றியோடும் வெட்கத்தோடும்,
தண்டவாளத்துக்கு எண்ணெய் தேய்த்த பதினோரு ஊழியர்கள்